ஓட்டை போடாத வள்ளங்கள்

அக்கரையிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நக்கல் விடுவதுண்டு: ஒலியால் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரின் உணரியை அடியில் துளைத்துப் பூட்டப் பயந்து உள்ளே பசை வைத்து ஒட்டியிருக்கிறார்களாம். இராமேசுவரத்து இழுவைமடி விசைப்படகில் உணரியின் முகம் நேரே தண்ணீரைப் பார்க்கும், அதுதான் முறை என்பது அவர்கள் கட்சி. அந்தப் படகுக்கு அது முறைதான். அதன் மரப்பலகை ஒலியை உறிஞ்சிவிடும். உள்ளே ஒட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. அந்தப் படகு துறைமுகத்தில் மிதந்தபடியே நிற்கிறது, எங்கள் 18 அடி பைபர் வள்ளமோ கரையேறுகிறது. மணலிலும் முருகைக்கல்லிலும் உரசி இழுபடும் அடியில் வெண்கலக் குமிழொன்றைத் துருத்த விட்டால் எத்தனை நாளைக்கு நிற்கும்? பின்பலகையில் தாங்கி வைத்துப் பூட்டலாமே என்பார்கள். வலைக்கயிறு சிக்குவதற்கு வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று போதாதா!

உள்ளே ஒட்டுவது சோம்பேறி வேலையும் அல்ல. கண்ணாடி நாரும் றேசினும் இறுகிய ஒற்றைத் தகடு ஒலியை விடும். நடுவில் நுரை வைத்த தகடு விடாது. உண்மையான எதிரி காற்று. தேர்ந்த கை முதலில் பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, உணரியை அதற்குள் அமிழ்த்தி, மிதக்கும் வள்ளத்தின் ஈர அடியில் பையை வைத்து இடம் பார்க்கும். ஆழம் தளம்பாமல் காட்டுகிற இடத்தை மணல்தாளால் தேய்த்து, எபொக்சி ஊற்றி, குமிழிகள் பக்கவாட்டால் வெளியேற உணரியைத் திருகித் திருகி அமர்த்தும். அவசரத்துக்குச் சிலிக்கன் வைக்கிறவர்களும் உண்டு. ரப்பர்போல் இளகி நின்று அது ஒலியைத் தின்றுவிடும்.

தகட்டிலேயே ஒலியில் ஒரு பங்கு போய்விடுகிறதே என்பார்கள். போகிறது, கடலின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது. ஆனால் பாக்குக்குடாவில் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்குள்தான், சின்னக் கருவிக்கே அது லேசு. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலுக்குப் போகிற தூத்தூர்க்காரருக்கு அந்த இழப்பு இழப்புத்தான். தூரத்திலிருந்து பார்த்த அளவில் அவர்கள் துளைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக் கரையிலும் சுனாமிக்குப் பின் பைபர் படகுகள் நிறைந்துவிட்டன, அவற்றுக்கும் எங்கள் கணக்கே பொருந்தும். அப்படியிருக்க, இழுவைமடியை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்த இலங்கையின் கடற்றொழிலாளருக்கு இழுவைப்படகின் வழக்கத்தை அளவுகோலாக நீட்டுவது என்ன நியாயம்?

நாளைக்கு அலுமினியப் படகு வந்தாலும் ஒட்டுகிறவர் பக்கம் வலுத்தே நிற்கும். உப்புத்தண்ணீரில் வெண்கலப் பொருத்தி அலுமினியத்தைத் தொட்டால் அரிபடுவது படகுதான். ஆயினும் உலோகம் பைபரைவிட ஒலியைக் கூடுதலாகத் திருப்பிவிடுவதால், மெல்லிய தகட்டுக்கும் ஆழங்குறைந்த கடலுக்குமே அங்கே ஒட்டுவது சரிவரும்.