மெஹ்தர் இசை: மரபும் மறுவார்ப்பும்

உஸ்மானியப் பேரரசின் படை இசைக்குழுவான மெஹ்தரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெருமிதத்தில் தொடங்கிப் பெருமிதத்திலேயே முடித்துவிடுகின்றனர். ஐரோப்பா அதனிடம் கடன்பட்டது என்பதே அவ்வெழுத்துகளின் சாரம். அது உண்மையே. 1782இல் வியன்னாவில் அரங்கேறிய மோஸார்ட்டின் இசை நாடகத்திலும், 1794இல் ஹைடன் வழங்கிய ‘இராணுவ’ சிம்பொனியிலும், 1824இல் ஒலித்த பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலும் துருக்கியப் படை இசையின் சாயலைக் கேட்கலாம். ஆனால், அவர்கள் எடுத்துக்கொண்டது முரசும் தாளமும் எழுப்பிய ஆரவாரத்தை மட்டுமே. மெஹ்தரின் உயிரான ‘மகாம்’ என்னும் பண்முறை அவர்களைச் சென்றடையவில்லை.

அந்த உயிரை நாமேனும் காத்தோமா என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா.

பழைய மெஹ்தர், வீரர்களின் காலடிக்குத் தாளம் போட்ட குழுவன்று. போர்க்களத்தில் கொடியின் அருகே நின்று முழங்கி, படையின் உள்ளம் தளராது காப்பதே அதன் பணி. அரண்மனையில் குறித்த வேளைகளில் ‘நவ்பத்’ இசைத்து ஆட்சியின் இருப்பை அறிவித்ததும் அதுவே. பெருமுரசு, நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த ஸுர்னா, எக்காளம், கைத்தாளம், நக்காரா ஆகியவை அதன் கருவிகள். நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் ஒலித்த ‘நகரா’வின் பெயரும் இந்த நக்காராவின் வழி வந்ததே. நீண்ட தாளவட்டங்களில் அமைந்த ‘பெஷ்ரெவ்’ என்னும் சொல்லில்லா இசையுருக்களைக் கலைஞர்கள் செவிவழியே கற்று வாசித்தனர்.

1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் உடன் கலைந்தது. 1828இல் இத்தாலியரான ஜூசெப்பே தோனிஸெத்தி அழைக்கப்பட்டு, ஐரோப்பிய முறையில் அரசவை இசைக்குழுவைப் பயிற்றுவித்தார். செவிவழி மரபுக்கு ஒரு தலைமுறை இடைவெளியே போதும்; பயிற்றுவிப்போர் மறைந்தால் பாடமும் மறையும்.

1914இல் இஸ்தான்பூல் இராணுவ அருங்காட்சியகத்தில் மெஹ்தர் மீண்டும் அமைக்கப்பட்டது. 1935இல் அது நிறுத்தப்பட்டு, 1952இல் மறுபடியும் எழுந்தது. ஆனால், இப்புதிய குழுவின் புகழ்பெற்ற பாடல்கள் பல, கலைப்புக்குப் பிந்தைய காலத்தவை. முன்னோர் வீரத்தைப் போற்றும் ‘ஜெத்தின் தெதென்’ பல நூற்றாண்டுப் பழமை உடையதென நம்பப்படுகிறது. உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். அதன் எளிய நடைத்தாளமும், திரும்பத் திரும்ப வரும் சொற்களும் ஐரோப்பிய அணிவகுப்புப் பாடலின் வார்ப்பிலேயே அமைந்துள்ளன. கடன் கொடுத்தவரே, கடன் பெற்றவரின் வடிவத்தைத் தம் முதுசொம்மாகக் கருதிக்கொள்ளும் நிலை இது.

புதிய பாடல் பிறந்ததில் குற்றமில்லை. அதற்குப் பொய்யான வயதைச் சூட்டுவதே குற்றம். ஏனெனில், அப்போலிப் பழமை நிறைவளிக்கும் வரை, உண்மையான பழமையைத் தேடும் தேவை எவருக்கும் எழாது. தேடுவோர்க்குச் சான்று இல்லாமலும் இல்லை. போலந்தில் பிறந்து, சிறைப்பட்டு, உஸ்மானிய அரண்மனையில் இசைக்கலைஞராக வாழ்ந்த அலீ உஃப்கீ பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த இசைக்குறிப்புகள் லண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மெஹ்தருக்குரிய உருப்படிகளும் அவற்றில் உண்டு. சீருடையையும் மீசையையும் மீட்டெடுப்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும் அக்குறிப்புகளுக்கு அளித்தால், அணிவகுப்பின் ஓசைக்கு அடியில் அமிழ்ந்துபோன அந்த இசையை நாம் கேட்க இயலும்.