கூடாரம் வேண்டாத மலைப்பாதை

சைக்கிளின் சட்டத்திலும் கைப்பிடியிலும் பைகளைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஊர் சுற்றும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவி வருகிறது. பைக்பேக்கிங் என்கிறார்கள். வரவேற்க வேண்டிய பழக்கம்தான். ஆனால் அதன் விதிகள் ஆளரவமற்ற நிலங்களுக்காக உருவானவை. கனடாவின் பான்ஃபில் தொடங்கி, ராக்கி மலைத்தொடரை ஒட்டி இறங்கி, நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தில் முடியும் ‘டூர் டிவைட்’ பந்தயப் பாதை 4,000 கிலோமீட்டருக்கும் அதிகம். நூறு கிலோமீட்டர் போனாலும் கடையோ குழாயோ கண்ணில் படாத பகுதிகள் அதில் உண்டு. அங்கே கூடாரம், அடுப்பு, சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் சுமப்பது உயிர்ப் பிரச்சினை. அதே பட்டியலை நாமக்கல்லில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கே பாதை வேறு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையின் சோளக்காடு. கீழிறங்கி ராசிபுரம், சேலம். பிறகு 20 வளைவுகள் ஏறி ஏற்காடு, குப்பனூர் வழியாக இறக்கம். மூன்று நான்கு நாளில் நிதானமாக முடிக்கலாம். சமவெளியில் பெரும்பாலும் டீக்கடைக்கு டீக்கடை சில கிலோமீட்டர்தான் இடைவெளி. குச்சிக்கிழங்குக் காடுகள், களத்தில் வெயிலுக்குப் பரப்பிய ஜவ்வரிசி, கோழிப்பண்ணைகளின் நெடி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சத்தம். காரில் போகிறவருக்கு இவை எதுவும் எட்டாது. நடந்து போனால் ஒரு நாளில் இத்தனையும் கிடைக்காது. இந்த வேகத்துக்கு நிகராக ஒரு வட்டாரத்தைக் காட்டித் தரும் பயணமுறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறை எங்கே இருக்கிறது? முதலில், எடையைப் பற்றிய மூடநம்பிக்கையில். 15 கிலோ மூட்டையைச் சுமார் 1,000 மீட்டர் மேலே ஏற்றும் வேலை 147 கிலோஜூல். உண்ட சக்தியில் ஏறத்தாழ கால்வாசியைத்தான் தசைகள் வேலையாக மாற்றும் என்பதால் உடலுக்கு ஆகும் செலவு 140 கலோரி. நாமக்கல் கணக்கில் சொன்னால் இரண்டு முட்டை. பல ஆயிரம் ரூபாய் கொட்டி மூன்று கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது அரை முட்டைகூட இல்லை. எடை உண்மையில் சோதிப்பது இறக்கத்தில். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்றால், ஏறும்போது சேர்த்த 930 கிலோஜூலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் கொன்றாக வேண்டிய பாதை அது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். ஆனாலும் ஏற்றத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்களில் பலர் இறக்கத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இரண்டாவது, பழுது. கிராமத்துச் சைக்கிள் கடையில் 28 அங்குல டயர் தொங்கும். வெளிநாட்டு வகை வண்டியின் டயரையும் 28 என்றே சொல்வார்கள். கடைக்காரர் கழற்றி ரிம்மில் வைத்துப் பார்த்தால் உட்காராது. நம் பழைய வண்டியின் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், இதற்கு 622. வால்வும் வேறு என்பதால் அவருடைய பம்பு காற்றுகூட அடிக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளுக்கு ஊர் ஊராகப் பழுது பார்க்க ஆள் இருக்கிறது. விலையுயர்ந்த இந்த வண்டிக்கு இல்லை.

கூடாரம் அடிக்கும் ஆசைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவில் சின்ன அடுப்பும் ஆபத்துதான். கொல்லிமலையின் செம்மேட்டில் தங்கும் விடுதிகள் இருக்கும்போது இந்த ஆபத்துக்கு என்ன நியாயம்?

அப்படியானால் மக்களை நம்பிப் பயணம் போகலாமே என்பது என் கட்சி. 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய ஆறு இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர், பாரசீகப் பாலைகளையெல்லாம் தாண்டி உலகைச் சுற்றி 1928-இல் திரும்பினார்கள். இன்றைய கருவிகள் எதுவும் அவர்களிடம் இல்லை. ஆனால் இந்த வழியிலும் ஒரு முள் இருக்கிறது. “எந்த ஊருங்க, யாரு வூட்டுப் பையன்?” என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. சிலருக்கு அது மோர் கொடுப்பதற்கு முன் கேட்கும் குசலம். சிலருக்குச் சாதியைத் துழாவும் கை. தனியாக வரும் பெண்ணுக்கு, இருட்டுவதற்குள் கதவுள்ள ஓர் அறை கிடைக்குமா என்பதுதான் அன்றைய பயணத் திட்டமே. அவர்களைப் பார்த்து “சும்மா கிளம்புங்கள், ஊர் பார்த்துக்கொள்ளும்” என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே அறை பதிவு செய்துகொள்வது அவர்களுக்குச் சுதந்திரக் குறைவல்ல, சுதந்திரத்துக்கான வழி.

ஆகவே கொல்லிமலைக்குச் சைக்கிள் ஏறப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கூடாரத்தையும் அடுப்பையும் வீட்டிலேயே வையுங்கள். அந்த இடத்தில் இரண்டு டியூப், ஒரு டயர், பிரேக் கட்டை, உங்கள் வால்வுக்கான பம்பு எடுத்துக்கொள்ளுங்கள். லாரிகள் பறக்கும் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலைகளில் போங்கள். மலையில் வளைவுக்கு முன் பேருந்துக்கு ஒதுங்கி நில்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கிளம்பாதீர்கள்.