அம்மணி உப்பேர்!

பைத்தியம் என்றால் பைத்தியம்தான், எனக்கு வெட்கமே இல்லை. பிரெஞ்சு நடிகை இசபெல் உப்பேர் பெயரை என் காதுபட யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

'தி பியானோ டீச்சர்' கடைசிக் காட்சியை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். வியன்னாவில் ஒரு கச்சேரி மண்டபம், கைப்பையில் சமையலறைக் கத்தியோடு அந்த டீச்சர், அதாவது உப்பேர், காத்து நிற்கிறாள், அவளைச் சிதைத்த இளைஞன் வருகிறான், ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்து நலம் விசாரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். கூட்டம் கலைகிறது. கத்தி அவள் தோளுக்குக் கீழேயே இறங்குகிறது. அந்த ஒரு நொடி முகத்தைப் பாருங்களேன்! பல் தெரிய, அசிங்கமாக, மிருகம் மாதிரி கோணி, அடுத்த நொடியே துடைத்துவிட்டாற்போல் வெறுமையாகி, கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே நடக்கிறாள். விளக்கு எரிந்தபோது நான் பக்கத்து சீட்டுக்காரரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது! 2001 கான் விழாவில் சிறந்த நடிகை விருது இதற்குத்தான். 1978இலேயே, இருபத்தைந்து வயதில், பெற்றோருக்கு விஷம் வைத்த பெண்ணாக 'வயலெட் நோசியே'வில் நடித்து அதே விருதை வாங்கியவர் அம்மணி. அந்தப் படத்தின் இயக்குநர் ஷாப்ரோலோடு மொத்தம் ஏழு படங்கள்!

இவர் நடித்த 'ஹெவன்ஸ் கேட்' வசூலில் மண்ணைக் கவ்வியது, சரி, அதற்கு இவரா பொறுப்பு? 'எல்' படத்தை அமெரிக்க நடிகைகள் யாரும் தொடத் துணியவில்லை என்று இயக்குநர் வெர்ஹோவனே சொன்னார். இவர் நடித்தார், 63 வயதில் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. விருது கிடைக்கவில்லை. அந்த வருஷத்தோடு ஆஸ்கருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் மேடை! ஐயோ, மேடையில் இவரைப் பார்க்கவேண்டும்! 2002இல் பாரிஸ் 'பூஃப் து நோர்' அரங்கில், நம் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம்தான், சாரா கேனின் நாடகத்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்ற இடத்தைவிட்டு நகராமல் நிகழ்த்தியவர் இவர். அதை நான் பார்க்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் 2019இல் ராபர்ட் வில்சன் இயக்கிய 'மேரி செட் வாட் ஷி செட்' பார்த்தேனே! கற்பனை செய்யுங்கள்: ஸ்காட்லாந்து ராணி மேரி, தலை வெட்டப்படப்போகும் கடைசி இரவு, வெளுத்த ஒளிக்கு முன்னால் கரிய நிழலாக ஓர் உருவம், அசையவில்லை, அசையவேயில்லை, சிலையோ என்று நாம் சந்தேகப்படும்போது வாயிலிருந்து பிரெஞ்சு கொட்ட ஆரம்பிக்கிறது, மடை திறந்தாற்போல், மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியவில்லை, முன்னால் வருகிறார், பின்னால் போகிறார், மறுபடி முன்னால், ஒவ்வொரு தடவையும் வேகம் கூடுகிறது, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஷூரும்' 'மெர்சியும்'தான், இருந்தாலும் தொண்டை அடைத்துக் கண் கலங்கி, முடிந்ததும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டி, ஊர்ப் பழக்கத்தில் ஒரு விசில்கூட அடித்துவிட்டேன்! முன்வரிசைப் பாட்டி திரும்பி முறைத்தார். முறைக்கட்டுமே!

இவர் நடிப்பு குளிர்ச்சி, உணர்ச்சியே காட்டமாட்டார் என்பார்கள். காட்டாமல் நம்மைப் படுத்துகிறாரே, அதுதானய்யா வித்தை!

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 'லா செரெமோனி'யில் ஆரம்பியுங்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் தபால் நிலையப் பெண்ணாக அம்மணி வருவார். பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள், நடுராத்திரியானாலும் பரவாயில்லை.