ஒரகடம் வெளிச்சத்தில் வானப் படம்: சீஸ்டார் எஸ்50 கைகொடுக்கிறதா?

ஒரகடத்தில் இரவு ஷிஃப்டுக்கும் ஆலைகள் ஓடுகின்றன. வெள்ளை எல்.இ.டி. விளக்குகளால் வானம் வெளுத்துக் கிடக்கிறது. இங்கே மொட்டைமாடியிலிருந்து வானப் படம் எடுக்கத் தொடங்குபவர் எதை வாங்கலாம்?

டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 50 மி.மீ. லென்ஸ், முக்காலி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் ஒரு படத்தின் எக்ஸ்போஷர் ஆறேழு விநாடி தாண்டினால் விண்மீன்கள் கோடாக இழுபடும். தடுக்க, வானத்தின் சுழற்சிக்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வேண்டும். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நமக்கு அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் தெரியும். அதே வடக்குத் திசையில் ஸ்ரீபெரும்புதூரின் ஒளி மூட்டம் வேறு.

அதனால்தான் சீஸ்டார் எஸ்50 என்ற ஸ்மார்ட் தொலைநோக்கியைப் பரிந்துரைக்கிறேன். 50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத் தூரம், கேமரா, மோட்டார், பேட்டரி எல்லாம் இரண்டரைக் கிலோ பெட்டிக்குள். மட்டம் பார்த்து வைத்து, போனில் இலக்கைத் தொட்டால் விண்மீன்களை வைத்துத் தானே திசை அறிந்து திரும்புகிறது. 10 விநாடிப் படங்களை அடுக்கடுக்காகச் சேர்க்கிறது.

இதன் உண்மையான பலம் உள்ளேயிருக்கும் இரட்டைப் பட்டை ஃபில்டர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் ஒளியை விட்டு, விளக்கொளியின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் சேர்த்தால் ஓரியன் நெபுலாவின் சிவப்பு இங்கேயே துலங்குகிறது. மார்கழிப் பனிக்கு வில்லையைச் சூடாக்கும் வசதியும் உண்டு.

குறைகளும் உண்டு. ரோசெட் நெபுலா நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும். அப்போது படம் வேகமாகச் சுழன்று ஓரங்கள் வீணாகும். கிழக்கே ஏறும்போதே எடுத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான துருவ அச்சு முறையில் கருவியை நம் 13 பாகைக்கு ஏறக்குறையப் படுக்க வைக்க வேண்டும், முக்காலி கவிழலாம். தொடக்கத்தில் அது வேண்டாம். படமும் 1920×1080 புள்ளிகள்தான். பெரிய பிரிண்ட் போட முடியாது.

ஆண்ட்ரோமெடா போன்ற விண்மீன் மண்டலங்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அங்கே ஃபில்டர் உதவாது. அவற்றுக்கு இருண்ட வானமே மருந்து. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலைக் காவலூரில் இருப்பதும் இருட்டுக்காகத்தான். விடுமுறையில் அந்த மலைப் பக்கம் சீஸ்டாரைக் கொண்டுபோங்கள்.

நெபுலா, நிலா, விண்மீன் கொத்து போதுமென்றால் தயங்காமல் வாங்கலாம். பால்வீதியை அகலமாகப் பிடிக்கத்தான் ஆசையென்றால் கேமராவும் லென்ஸும் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.