மடி கரையேறும் வரை

இறக்கக்கண்டிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவருக்கு ஜிபியூ நிரலில் வரும் 'ஈவென்ட்' பாதி புரிந்த மாதிரி. தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வந்ததும் இரண்டு கயிற்றிலும் இரண்டு அணி. நனைந்த கயிற்றை ஒருவர் பின்னால் சுருட்டிக்கொண்டே வருவார். ஒரு பக்கம் முந்தினால் மீன் சேரும் பையான மடி கோணிவிடும், மீன் வெளியே. இரு அணியும் ஒரே தாளத்தில் இழுக்கத்தான் அம்பாப் பாட்டு.

என்விடியா 2007இல் வெளியிட்ட ஜிபியூ நிரலாக்கத் தளமான கூடாவில் (எங்கள் கரையோரக் காதில் அது 'குடா' என்றுதான் விழும்) கயிற்றுக்குப் பெயர் ஸ்ட்ரீம்; ஜிபியூ வரிசையாகச் செய்யவேண்டிய வேலைகளின் தொடர். சிபியூ ஜிபியூவிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே சிபியூவின் கடிகாரத்தை மட்டும் நம்பினால், தோணி தள்ளிய நேரத்தைத்தான் அளந்திருப்போம்; மடி கரையேறிய நேரத்தை அல்ல. நானும் அப்படி அளந்து, என் நிரல் மின்னல் என்று இரண்டு நாள் பெருமையடித்திருக்கிறேன்.

ஈவென்ட், ஸ்ட்ரீமிலேயே போடும் முடிச்சு. ஜிபியூ அந்த இடத்துக்கு வரும்போது நேரம் பதிவாகும். வேலைக்கு முன்னொன்று, பின்னொன்று. பின்முடிச்சு வரும்வரை காத்திருந்து வித்தியாசத்தைக் கேட்டால் மில்லிசெக்கனில் பதில் வரும், சுமார் அரை மைக்ரோசெக்கன் நுணுக்கத்தோடு. அதைவிட அழகு, ஒரு ஸ்ட்ரீமை இன்னொன்றின் முடிச்சுக்காகக் காக்க வைப்பது. சிபியூ அதில் மறிபடுவதே இல்லை.

ஒத்திசைவு மட்டும் போதுமென்றால், ஈவென்டை உருவாக்கும்போதே நேரப்பதிவை நிறுத்திவிடுங்கள். இன்னும் இலேசாக ஓடும்.