வீடும் நாடும் நினைக்கும் வீரன்

போரில் மடிந்தவனை நினைக்கும் கடமை இரண்டு இடங்களுக்கு உரியது: ஒன்று அவனை அனுப்பிய நாடு, மற்றொன்று அவனைப் பெற்ற வீடு. நாடு அவனைச் சேனைவீரனாக அறியும். படையணியின் பெயரையும் வீழ்ந்த தேதியையும் கல்லிற் பொறித்து, ஆண்டுக்கொரு நாள் மலர்வளையம் வைத்து வணங்கும். வீடோ அவனை மகனாகவும் கணவனாகவும் தகப்பனாகவும், விடுமுறையில் ஊர் வந்தால் முதற்காரியமாகக் குலதெய்வத்தையோ மாதா கோவிலையோ கண்டு வந்த பக்தனாகவும் அறியும். இவ்விரு ஞாபகங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே வீரவணக்கம் பூரணமாகும் என்பது என் துணிபு. இந்தியாவும் இலங்கையும் இதனை எவ்வாறு நிறைவேற்றுகின்றன என்று ஒப்புநோக்குதல், கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் போன்ற தமிழர் குடியிருப்புகளுக்குப் பெரிதும் பிரயோஜனமான காரியமாகும்.

ஏனெனில், தங்கவயலுக்கு இந்த விஷயத்தில் இரட்டை உறவு உண்டு. சுரங்கத் தொழிலுக்கென்று வடஆற்காட்டிலிருந்து இங்கே குடும்பங்கள் வந்து குடியேறினவே, அந்த வடஆற்காட்டுச் சீமைதான் தலைமுறை தலைமுறையாகப் படைக்கும் ஆட்களை அனுப்பி வந்தது. மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடமோ அருகிலுள்ள பெங்களூரில், அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. மறுபுறம், 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையை அப்பாதுரையார் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே நடத்தினார். ஆகவே சைவம், கிறிஸ்தவம் என்பவற்றோடு பௌத்தத்தின் நீத்தார் கடன்களும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல.

இந்திய மரபின் ஆதி நடுகல் ஆகும். காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலத்து நடுகற்களைப் பார்த்தால், அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பிறகு வீரன் யாருடைய சேவகன் என்பதும், எந்த ஆநிரையைக் கவர்ந்தோ மீட்டோ பட்டான் என்பதும் வரும். அவற்றின் நடுவில் வில்லும் வாளும் ஏந்திய அவனுருவம் நிற்கும். கோலார் மாவட்டத்து வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் இத்தகைய வீரக்கற்கள் பல உள. வீரன் பட்ட ஊரிலேயே அவனுக்குக் கல் எழுந்தது. ஊராரே அதற்குப் படையலிட்டனர்.

ஊரே வீரனை நினைக்கும் இந்த நியதியையே இன்றைய இந்திய ராணுவம் வேறொரு வடிவில் மீட்டிருக்கிறது. முற்காலப் போர்களில் வீரர்கள் களத்திலேயே எரியூட்டப்பட்டனர்; அவர்களின் உடலை ஊர்வரை கொண்டுசென்று சேர்ப்பது 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரிலிருந்தே பொதுவழக்கமாயிற்று. 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த ஹவில்தார் பழனியின் உடல், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூருக்கு வந்தது. மனைவியும் மகனும் மகளும் அங்கே காத்திருந்தனர்; தம்பியும் ராணுவத்திலேயே பணியாற்றியவர். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வாசலில் இறங்கியபோது நாடே அவ்வீட்டுத் திண்ணைக்கு வந்தது எனல் மிகையன்று. அவருக்கு வீரசக்ர விருது பின்னர் அறிவிக்கப்பட்டது. எனினும், குண்டு முழங்கிக் கொடியை மடித்துக் கொடுத்துப் படையினர் புறப்பட்ட பின்பு நம் ஊர்களில் எஞ்சுவது பெரும்பாலும் தெருமுனைப் பேனரும், ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும் நினைவஞ்சலிக் கட்டமும் மட்டுமே. அவன் எவ்வாறு வாழ்ந்தான், யாரை நேசித்தான், எந்தச் சந்நிதியில் நின்றான் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

இந்தக் குறையை நிறைக்கும் வழியை யாழ்ப்பாணத் தமிழர் நன்கறிவர். அங்கே அந்தியேட்டி என்னும் நீத்தார் கடன் நாளன்று வெளியிடும் சிறு நூலுக்குக் கல்வெட்டு என்றே பெயர். முகப்பில் மறைந்தவரின் படம். அடுத்து, இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை யாப்பிலடக்கிய திதி வெண்பா. பின்னர் தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மனைவி மக்கள் புலம்பல், நன்றியுரை. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பிரதி எடுத்துச் செல்வர். பேரன் பேத்திகள் தலையெடுத்த காலத்தில் திவசத் திதியை அதைப் பார்த்தே கண்டுகொள்வர். கல்லில் நான்கு வரியாக நின்ற நடுகல், காகிதத்தில் முப்பது பக்கமாக விரிந்தது என்று சொல்லத் தகும். சிங்களக் கிராமங்களிலோ, மடிந்த படைவீரனின் குடும்பம் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் ஆண்டு நிறைவும் பிக்குகளுக்குத் தானமளித்துப் புண்ணியத்தை அவனுக்கு அர்ப்பணிப்பதோடு, சாலையோரத்தில் அவன் பெயரில் ஒரு பஸ் தரிப்பிடமும் கட்டும். வெயிலுக்கு ஒதுங்கும் வழிப்போக்கன் சுவரில் அவன் படத்தையும் பெயரையும் படிக்கிறான். தியாகமும் தர்மமும் அங்கே ஒன்றாகின்றன.

அரசு நினைவிலோ இரு நாடுகளும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை. டில்லியின் இந்தியா கேட்டையும், முதலில் காலி முகத் திடலில் நின்று பின்பு இன்றைய விகாரமகாதேவிப் பூங்காவுக்கு மாற்றப்பட்ட கொழும்பு நினைவுத்தூணையும் வடிவமைத்தவர் ஒருவரே: எட்வின் லட்யன்ஸ். போர்வீரர் நினைவாகப் பாப்பிப்பூ விற்ற பணம் பெரும்பாலும் பிரிட்டனுக்கே போவதைக் கண்டு, 1930-களில் இலங்கை இளைஞர் சூரியமல் எனப்படும் பூவரசம்பூவை விற்றுத் தம் நாட்டு முன்னாள் வீரருக்கு உதவினர். இந்தியாவோ 1949 முதல் டிசம்பர் 7-ஐக் கொடிநாளாக்கியது.

இரு நாட்டு நினைவும் சந்திக்கும் ஒரு பெயர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். இந்திய அமைதிப்படையில் இலங்கை சென்று, 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்துக் கந்தரோடையருகே பதுங்கித் தாக்கியவர்களை எதிர்த்து, மார்பில் குண்டேறிய பின்பும் உயிர் பிரியும்வரை ஆணையிட்டுக்கொண்டிருந்த அவருக்குப் பரமவீர சக்கரம் அளிக்கப்பட்டது. சென்னை ஆற்காடு சாலையில் ராணுவக் குடியிருப்பொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் உட்பட இலங்கையில் மடிந்த ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களுக்குப் பத்தரமுல்லையில் இலங்கை அரசே நினைவிடம் எழுப்பியிருக்கிறது. அந்நிய வீரனுக்குக் கல் நாட்டிய அம்மண்ணிலேயே, மே 19-இல் அரசு தன் வீரரைப் போற்றும் வேளையில், எதிரணியில் நின்று மடிந்த தமிழ்ப் பிள்ளைகளின் துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடிக்கப்பட்டதும், அவர்களுடைய தாய்மார் விளக்கேற்றத் தடைபட்டதும் பெருந்துயரம். கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. தாய் தன் மகனுக்கு நீர்வார்ப்பது வேறு. மடிந்தோர் அனைவரையும் சுதந்திர தினத்தில் ஒருசேர நினைக்க வேண்டுமென்று 2011-இல் நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைத்ததன்றோ?

ஆகவே, நாட்டை வீட்டு வாசலுக்கு அழைத்துவரும் சிறப்பை இலங்கை இந்தியாவிடமும், வீட்டின் ஞாபகத்தை நூலாகவும் தர்மமாகவும் நிலைநிறுத்தும் சிறப்பை இந்தியா இலங்கையிடமும் பயிலத் தகும். ஸ்கெலட்டன் போன்ற ஊர்களில், படைக்குச் சென்று மீளாத ஒவ்வொருவனுக்கும் ஒரு கல்வெட்டு நூல் அச்சாகிப் பள்ளியிலும் வழிபாட்டிடத்திலும் வைக்கப்படுமாயின், அதற்காகும் செலவு ஒரு பேனரின் செலவைவிட வெகுவாக மிகாது. படையணியின் பெயரோடு அவன் தாயின் பெயரும், விருதின் பெயரோடு அவன் தொழுத தெய்வத்தின் பெயரும் அதில் இடம்பெறட்டும். அவ்வாறு எழுதி வைப்பது, அவனைக் காணாமலே வளரும் அவன் பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.