வயல் இல்லை; வீடு உண்டு; உரிமை எங்கே?

“பெண்ணுக்குச் சொத்துரிமையா? அதுதான் சட்டமாகிவிட்டதே!” என்று மேடையிலே முழங்கிவிட்டு, மாலையோடு வீடு திரும்புவோர் நம்மிலேயே உண்டு. சட்டம் வந்தது உண்மை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, கலைஞர் ஆட்சியிலே, 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குடையவளானாள். அந்நாளுக்கு முன்பே மணமானவர்கள் மட்டும் வெளியே நின்றனர். 2005 இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியையும் அகற்றியது. பெருமைப்படுவோம். ஆனால், பெருமை பத்திரமாகிவிடாது!

சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையே கிடக்கும் பள்ளத்தை அளந்து காட்டிய ஆராய்ச்சி நூலொன்று உண்டு. பொருளியல் அறிஞர் பினா அகர்வால் அம்மையார் 1994 இல் வெளியிட்ட ‘எ ஃபீல்டு ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்பது அதன் பெயர். ‘தனக்கென ஒரு வயல்’ என்று பொருள் கொள்ளலாம். சட்டம் உரிமை தருவது ஒன்று, சொத்து கைக்கு வருவது வேறொன்று, வந்ததைத் தன் விருப்பப்படி ஆள்வது மூன்றாவது என்று அம்மையார் பிரித்துக் காட்டுகிறார். அண்ணன் தம்பியின் ஆதரவை இழந்துவிட அஞ்சியே சகோதரிகள் பங்கை விட்டுக்கொடுக்கின்றனர் என்கிறார். பாசம் என்று நாடு பாராட்டியதற்குள்ளே பயம் இருப்பதைக் கண்டு சொன்னது இந்நூலின் பெருஞ்சிறப்பு.

எர்ணாவூரிலும் அந்தப் பயத்தைக் காண்கிறோம். தாய்வீட்டுச் சீர் நின்றுவிடுமே, நாளை கணவன் துரத்தினால் போக இடமிராதே என்று கலங்கி, தங்கை கையெழுத்திடுகிறாள். அந்தத் தாளுக்குப் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை?

ஆயினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். எர்ணாவூரில் ஏது வயல்? ஒருபுறம் கடல், மறுபுறம் தொழிற்சாலை, நடுவே துறைமுக லாரிகள். இங்கே குடும்பத்தின் சொத்தென்பது பெரும்பாலும் ஒரே ஒரு வீடு. உழவர் சமுதாயத்தை ஆராய்ந்த நூல் நிலத்தை நடுவில் வைத்ததில் தவறில்லை. சொத்தென்றால் நிலமே என்று நாம் முடிவு கட்டிக்கொள்வதுதான் தவறு.

அம்மையாரின் பிற்கால ஆய்வே நம்மைத் திருத்துகிறது. பிரதீப் பாண்டாவுடன் சேர்ந்து, திருவனந்தபுரம் மாவட்டத்து மணமான பெண்களை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்டார். சொத்தேதும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் நெடுநாள் அடிபட்டவர்கள். நிலம் மட்டும் உடையவர்களில் 18. வீடு மட்டும் உடையவர்களில் 10. இரண்டும் உடையவர்களில் 7! ஒரு மாவட்டத்துக் கணக்கை எல்லா ஊருக்கும் விதியாக்க மாட்டோம். எனினும், தன் பெயரில் வீடுள்ளவளை ‘வெளியே போ’ என்று எவன் சொல்வான்?

அரசும் இதை அறியாமலில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், மறுவாழ்வு வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்குவதென 2005 இல் தமிழக அரசு முடிவு செய்தது. கணவன் ஈட்டி வாங்கிய சொத்திலும், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்புக்குச் சமபங்கு உண்டென 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 1 விழுக்காடு குறைக்கப்பட்டது. நல்லவை! ஆனால் கட்டணம் குறைகிறதே என்று மனைவி பெயரில் பதிந்துவிட்டு, பத்திரத்தைத் தன் பெட்டியில் பூட்டிவைப்பவன் வீட்டில், நூல் சொன்ன மூன்றாவது படி ஏறப்படவே இல்லை.

தோழர்களே! செங்கற்பட்டுத் தீர்மானத்தை மேடையில் சொல்லுமுன், நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். பத்திரத்தில் யார் பெயர்? சாவி யார் இடுப்பில்? தங்கையிடம் கையெழுத்துக் கேட்கும் அண்ணன் நாமாயின், அந்தத் தாளை முதலில் கிழிப்போம். பேச்சு பிறகு!